கைமாறிய கவலை

கவலைப்படுவதில் எனக்குக் கைராசி உண்டு. நான் முன்கூட்டியே கவலைப்பட்டு வைத்துவிட்டால் பெரும்பாலும் அந்த விஷயம் நடக்காது. என் மகள் நடக்கப் பழகியதிலிருந்து நர்ஸ் வேலைக்குப் போனதுவரை அவள் விழாமல் தப்பித்த இடங்களெல்லாம் நான் கவலைப்பட்டு வைத்திருந்த இடங்கள்தான். என் வீட்டுக்காரரோ எதற்கும் அசையமாட்டார். பெரிய விசுவாசி என்று சபையில் அவருக்குப் பெயர். வீட்டில் ஒருத்தி இரண்டு பேருக்கும் சேர்த்துக் கவலைப்பட்டால் இன்னொருவர் தாராளமாக விசுவாசியாக இருக்கலாம்.

என் வேலையும் அதற்குத் தோதானது. சட்டைத் தொழிற்சாலையில் செக்கிங். தைத்து முடித்த சட்டை என் மேசைக்கு வரும். காலரைப் புரட்டி, கைமடிப்பை இழுத்து, பொத்தானைத் திருகி, எங்கே தையல் விட்டிருக்கிறது, எங்கே எண்ணெய் பட்டிருக்கிறது என்று பார்த்து, குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன். குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். குறையே இல்லாத சட்டை வந்தால் அதைத்தான் இரண்டாம் முறை பார்ப்பேன். அதே கண்ணோடுதான் வீட்டுக்கும் வருவேன். வீட்டு மனுஷர்மேல் ஸ்டிக்கர் ஒட்ட முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்படியிருந்தவளுக்கு ஊரே கலவரத்தில் கெட்டுப்போனது, வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆனது. யார் பக்கம் நியாயம் என்று என்னைக் கேட்காதீர்கள். இரண்டு பக்கத்தாரும் கடைக் கண்ணாடியைத்தான் உடைத்தார்கள். தொழிற்சாலையைப் பூட்டினார்கள். பஸ் நின்றது. கரன்ட் வந்து வந்து போனது. போனில் சிக்னல் செத்தது. ஆற்றுப் பாலத்தின் குறுக்கே ராணுவம் மணல்மூட்டை அடுக்கியது. என் மகள் பாலத்துக்கு அந்தப் பக்கம், பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தாள். கடைசியாகப் பேசியபோது, “இங்க ரொம்ப வேலம்மா, அப்புறம் பேசறேன்” என்றாள். அந்த ‘அப்புறம்’ அதன்பிறகு வரவே இல்லை.

எங்கள் சபையில் கஷ்டத்தைச் சொல்ல இடம் கிடையாது, சாட்சி சொல்லத்தான் இடம். அதாவது கஷ்டம் தீர்ந்தபிறகு எழுந்து நின்று, இப்படி இருந்தேன், ஆண்டவர் இப்படிச் செய்தார் என்று சொல்லலாம். தீர்வதற்கு முன்னால் சொன்னால் விசுவாசம் போதவில்லை என்று அர்த்தம். அதனால் புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் எல்லோரும் பல் தெரிய ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, வெளியே வந்து செருப்பு மாட்டும்போது அழுவார்கள். ஊர் கெட்டபிறகு சாட்சி சொல்ல ஆளே இல்லாமல் போயிற்று. மைக் சும்மா நின்றது.

பாஸ்டர் ரொம்ப யோசித்திருக்க வேண்டும். அந்தப் புதன்கிழமை புதுச் சட்டம் ஒன்று கொண்டுவந்தார்.

“ஒருத்தர் பாரத்த ஒருத்தர் சுமக்கணும்னு ஆண்டவர் சொல்றாரு. நாம என்ன பண்றோம்? அவங்கவங்க மூட்டைய அவங்கவங்களே கட்டிப் பிடிச்சிட்டு உக்காந்திருக்கோம். இன்னிக்கு மாத்திக்கலாம். பக்கத்துல இருக்கறவங்ககிட்ட உங்க கவலையக் குடுங்க. அவங்களோடத வாங்கிக்கங்க. அடுத்த புதன்கிழமை வரைக்கும் அவங்க கவலைக்குத்தான் நீங்க ஜெபிக்கணும், அதுக்குத்தான் ஓடணும். சொந்தக் கவலைய மனசால கூடத் தொடக் கூடாது. தொட்டா அது திருட்டு. குடுத்த பொருள எடுத்தா வேற என்ன பேரு?”

எல்லோரும் ஆமென் என்றார்கள். பாஸ்டரே முதலில் பொருளாளரோடு மாற்றிக்கொண்டார். இரண்டு பேருக்கும் இருந்தது ஒரே கவலை, சபையின் ஒழுகுகிற கூரை. மாற்றியும் லாபமில்லை.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது வேன் அக்கா. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். கடைசிப் பாட்டுக்கு உள்ளே வந்து, பிரசங்கத்தில் தூங்கி, ஆசீர்வாதத்துக்குச் சரியாக எழுந்துகொள்வாள். வேனில் பெட்ரோல் முள் கீழே படுத்திருக்கும்போதும் பாட்டுப் பாடிக்கொண்டு ஓட்டுவாள். ‘கிடைக்கும்’, ‘ஆகும்’, ‘பாத்துக்கலாம்’ என்ற மூன்று வார்த்தையில் குடும்பம் நடத்துகிறவள். என் மகளை இவள் கையிலா கொடுப்பது? இடம் மாறி உட்காரலாம் என்று பார்த்தேன். மற்ற ஜோடிகள் அதற்குள் கைகோத்துவிட்டன.

வெளியே நிறுத்தியிருந்த வேனுக்குள் போய் உட்கார்ந்தோம்.

“சொல்லுங்க சிஸ்டர்” என்றாள்.

நான் சொன்னேன். ஒரு பொருளைக் கைமாற்றும்போது எல்லாப் பக்கமும் காட்டிக் கொடுப்பதுதானே முறை? கலவரக்காரர் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்பதில் ஆரம்பித்து, ஜன்னலோரக் கட்டில், உடைந்த கண்ணாடி, தொற்றுநோய், பட்டினி, ஈரப் படிக்கட்டு, அவளுக்குப் பசித்தால் வருகிற தலைவலி, யாரிடமும் வாய்திறந்து கேட்காத அவள் குணம் என்று எதையும் விடவில்லை. வேன் அக்காவின் வாய் மெல்லத் திறந்துகொண்டே போனது. நான் முடித்தபோது சபையிலிருந்து எல்லோரும் வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

“உங்களோடது?” என்றேன்.

“வீட்டுக்காரருக்கு இன்சுலின் தீரப் போகுது.”

“அப்புறம்?”

“அவ்வளவுதான். கிடைக்கும்.”

இதுவும் ஒரு கவலையா? பொத்தான் இல்லை, காலர் இல்லை, வெறும் துணித்துண்டு. வீட்டுக்கு நடந்து வரும்போது என் மனசு என் மகளிடம் ஓடியது. திருட்டு, திருட்டு என்று அதைப் பிடித்து இழுத்து வந்து இன்சுலினில் கட்டினேன். கட்டிப் பார்த்தபிறகுதான் தெரிந்தது, வேன் அக்கா அதைச் சரியாகப் பார்க்கவே இல்லை என்று. இன்சுலின் என்றால் குளிர்ச்சியில் இருக்க வேண்டும், கரன்ட்டோ இல்லை. கடைகள் பாதி ஷட்டரில். வாங்கி வருகிறவன் வழியில் மாட்டிக்கொண்டால்? நல்ல சரக்குதான், தைத்தவளுக்கு மதிப்புத் தெரியவில்லை.

மறுநாள் காலையிலேயே அவள் வீட்டுக்குப் போனேன். வேனும் இல்லை, அவளும் இல்லை. அவளுடைய வீட்டுக்காரர் முன்னறையில் ஒரு ஃபேன் மோட்டாரைப் பிரித்துப் போட்டு, செப்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு. நான் இருந்த கொஞ்ச நேரத்துக்குள் அதைக் காலிசெய்து, மறுபடி நிரப்பிக்கொண்டு வந்தார்.

“மருந்துப் பாட்டிலக் கொஞ்சம் காட்டுங்கண்ணா” என்றேன்.

ஈரத்துணி சுற்றிய டம்ளருக்குள்ளிருந்து எடுத்துத் தந்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அடியில் கொஞ்சம் இருந்தது. எப்போது திறந்தது, வேளைக்கு எவ்வளவு என்று கேட்டுக் கணக்குப் போட்டால், அது எப்போதோ தீர்ந்திருக்க வேண்டும். மிச்சமிருப்பதுதான் குறை. அந்த மாதிரிக் குறை என் கண்ணுக்குத் தப்பாது.

“பாதி பாதியாப் போட்டுக்கறீங்களா?”

அவர் கம்பியைச் சுற்றுவதை நிறுத்தினார். “அவகிட்டச் சொல்லிடாதம்மா. நல்லாத் தூங்கறவ. அந்தத் தூக்கத்தக் கெடுத்து எனக்கு என்ன வரப்போகுது?”

அந்த வார்த்தையில் அந்தக் கவலை முழுசாக என் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. மருந்துக்கடை மருந்துக்கடையாக அலைந்தேன். சில கடையில் ஷட்டரைத் தட்டியும் திறக்கவில்லை. ஒரு கடையில் ஃப்ரிட்ஜைத் திறந்தே காட்டினார்கள். உள்ளே கடைக்காரரின் சாப்பாட்டு டப்பா மட்டும் இருந்தது. அடுத்த நாளும் அலைந்தேன். கடைசியாக ஒரு பெரியவர், ஷட்டருக்கு அடியில் குனிந்து முகம் காட்டி, “இருந்ததெல்லாம் கரன்ட் போயிக் கெட்டுப் போச்சும்மா. தூக்கிப் போட்டுட்டேன். பெரிய ஆஸ்பத்திரியிலதான் இருக்கும்” என்றார்.

பெரிய ஆஸ்பத்திரி என்று கேட்டதும்தான் என் மகள் ஞாபகம் வந்தது. அப்படியானால் காலையிலிருந்து வரவில்லை! நடுத்தெருவில் நின்றுவிட்டேன். அவள் பிறந்ததிலிருந்து இத்தனை நேரம் நான் அவளை மறந்ததே கிடையாது. பாஸ்டர் கேட்டால் கைதட்டுவார். எனக்கோ, கூட்டத்தில் பிள்ளையின் கையை விட்டவள் மாதிரி இருந்தது. நான் இங்கே அடுத்தவள் புருஷனுக்கு அலைகிறேன். அந்தத் தூங்குமூஞ்சி என் பிள்ளைக்கு ஒரு ஜெபமாவது பண்ணியிருப்பாளா? கோபம் கோபமாக வந்தது. நேராக அவள் வீட்டுக்கு நடந்தேன்.

வேன் வாசலில் நின்றது. ஸ்டீயரிங்கில் தலை சாய்த்திருந்தாள். நினைத்தேன், பட்டப்பகலிலும் தூக்கம்தான் என்று. கதவைப் படாரென்று திறந்தேன். நிமிர்ந்தாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்து, முகம் வீங்கி, தலை வாராமல் உட்கார்ந்திருந்தாள்.

“என்னக்கா ஆச்சு?”

“எடுத்துக்கோ” என்றாள். “உன் கவலைய நீயே எடுத்துக்கோ. என்னால முடியலடி.” சிஸ்டரும் போயிற்று, ‘ங்க’வும் போயிற்று. “கண்ண மூடினா உன் பொண்ணு ஜன்னலோரத்துல நிக்குது. ஜன்னல மூடினா படிக்கட்டுல வழுக்குது. படிக்கட்டத் துடைச்சா பசியில மயங்குது. ஒரு நாளைக்கு எத்தன தடவ அந்தப் புள்ளையச் சாகடிப்ப நீ? நான் இப்படியெல்லாம் யோசிச்சதே இல்லடி. ஒரு கவளம் இறங்கல.” மூக்கைச் சிந்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். “இத்தன வருஷமா இதையா தனியாச் சுமந்துட்டிருந்த?”

கவலைப்படாதே என்று எனக்குச் சொல்லாதவர் இல்லை. புருஷன், பெற்ற மகள், பாஸ்டர், லைன் சூப்பர்வைசர், எல்லோரும் சொல்லியாயிற்று. கனமா இருக்கா என்று ஒருவரும் கேட்டதில்லை. திட்ட வந்தவள் வேன் படியில் உட்கார்ந்து அழுதேன்.

கொஞ்சம் அடங்கியதும் அவளே சொன்னாள். “பாலத்துக்குப் போயிட்டுத்தான் வரேன். நேத்தும் போனேன். பொண்ணப் பாக்கணும்னு சொன்னேன். ‘ஊர்ல எல்லாருக்கும்தான் பொண்ணு இருக்கு, போம்மா’ன்னு திருப்பி அனுப்பிட்டான். அழுது கூடப் பாத்தேன்.”

“யாரத்தான் விடறாங்க?”

“மருந்துக்குப் போறவங்கள விடறாங்க. டாக்டர் சீட்டு வேணும்.”

“அண்ணனோட சீட்டு எங்க?”

“என் பையிலதான்.”

“பாலத்துல நிக்கும்போது?”

“அப்பவும் பையிலதான்.”

“அதக் காட்ட வேண்டியதுதானேக்கா!”

“எப்படிடி காட்டறது?” என்று அவள் என்னையே அதட்டினாள். “இன்சுலின் உன் கவலை. உன்கிட்டக் குடுத்தாச்சு. நான் தொட்டா திருட்டுன்னு பாஸ்டர் சொன்னாருல்ல?”

உலகத்தில் எத்தனையோ விதமான முட்டாள்கள் உண்டு. சொன்ன சொல் தவறாத முட்டாளை நான் அன்றுதான் பார்த்தேன். பாலத்தின் சாவியைப் பையில் வைத்துக்கொண்டு பூட்டின் முன்னால் நின்று இரண்டு நாள் அழுதிருக்கிறாள், என் மகளுக்காக. சிரிப்பதா, அவள் காலில் விழுவதா என்று தெரியவில்லை. “வண்டிய எடுங்கக்கா” என்றேன்.

பாலத்தில் துப்பாக்கியோடு நின்றவன் மீசை சரியாக முளைக்காத பையன். அவன் அம்மா எங்கே கவலைப்பட்டுக்கொண்டிருந்தாளோ. நான் சீட்டை நீட்டினேன். மகளைப் பற்றி மூச்சு விடவில்லை. வேன் அக்கா மருந்தைப் பற்றி மூச்சு விடவில்லை. சட்டம் சட்டம்தான்.

“நாலு மணிக்குப் பாலத்த மூடிடுவோம். அதுக்குள்ள இந்தப் பக்கம் வந்துடணும். லேட்டானா அங்கயே இருக்க வேண்டியதுதான்” என்றான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கால் வைக்க இடமில்லை. தரையெல்லாம் பாய், பாயெல்லாம் கட்டுப் போட்ட ஆட்கள். லோஷன் வாடையும் வியர்வை வாடையும் கலந்து அடித்தது. ஒரு வார்டு வாசலில் என் மகள் பெயரைச் சொல்லிக் கேட்டேன். உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் வந்தாள். தலைமுடியைக் கட்டுத்துணியால் முடிந்திருந்தாள். காலில் யாருடைய செருப்போ, அளவு பெரிது. கிட்டே வந்தபிறகுதான் என் மகள் என்று தெரிந்தது.

உயிரோடு இருந்தாள். முழுசாக இருந்தாள். நான் வாயைத் திறந்தேன்.

“இன்சுலின் வேணும். இந்தா சீட்டு. நாலு மணிக்குப் பாலம் மூடிடும்.”

அவள் என்னைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள், அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். வேலை தெரிந்த பிள்ளை. சீக்கிரமே ஐஸ்பை சுற்றிய ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு திரும்பி வந்து, எப்படி வைக்க வேண்டும், எவ்வளவு போட வேண்டும், தட்டுப்பாட்டுக்குப் பயந்து எல்லோரும் செய்கிற மாதிரி பாதி பாதியாகப் போடக் கூடாது என்று தெளிவாகச் சொன்னாள். நான் டப்பாவை வாங்கிக்கொண்டேன். அவள் போகவில்லை.

“என்ன எதுவும் கேக்க மாட்டியாம்மா?”

இந்தக் கேள்விக்கு நான் தயாராக இல்லை. சாப்பிட்டியா என்று கேட்டால் ‘ஆரம்பிச்சிட்டியா’ என்று போனை வைக்கிறவள் இவள். என் கேள்விகளுக்குப் பயந்தே ஹாஸ்டலுக்குப் போனவள். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். அந்தக் கல்லுக்கு உதடு நடுங்கிக்கொண்டிருந்தது.

எனக்குப் பின்னாலிருந்து வேன் அக்கா முன்னால் வந்தாள். அது அவள் பொறுப்பு.

“சாப்பிட்டியா கண்ணு?” என்றாள். “தூங்கினியா? ஜன்னலோரத்துல படுக்கறியா? வேண்டாம்டா. தலைவலி வந்துச்சா? இந்தச் செருப்பு பெருசா இருக்கே, படிக்கட்டுல பாத்துப் போறியா? பசிச்சா யார்கிட்டயாவது கேக்கறியா, இல்ல சும்மா இருந்துடறியா?”

நான் கொடுத்த கவலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டாள். என் மகள் அவளுக்குப் பதில் சொன்னாள், என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். காலையில் ரொட்டி சாப்பிட்டேன். தூங்கவில்லை. தலை வலிக்கிறது. சொல்லிக்கொண்டே வந்தவள், “பயமா இருக்கும்மா” என்று என் தோளில் விழுந்தாள். சின்ன வயசில்கூட இவள் அப்படிச் சொன்னதில்லை. பாஸ்டர் சட்டம் காற்றில் போயிற்று. “வாடி, போயிடலாம். வேன் வெளிய நிக்குது” என்றேன்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “உள்ள ஆளுங்க இருக்காங்கம்மா” என்றாள்.

“அப்ப நான் இங்கயே இருக்கேன்.”

சொல்லிவிட்டேன். மனசாரத்தான் சொன்னேன். டப்பா என் கையில் சில்லென்று இருந்தது. அங்கே ஒரு மனுஷர் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்துக்கொண்டு, பெண்டாட்டியின் தூக்கம் கெடக்கூடாது என்று பாதி மருந்தில் உயிரை ஓட்டிக்கொண்டிருந்தார். வேன் அக்காவுக்கு அது இன்னும் தெரியாது. டப்பாவை அவளிடம் கொடுத்துவிட்டு நான் தங்கிவிடலாம். அவளும் சரி என்றுதான் சொல்வாள், வழியில் ஐஸ் உருகினாலும் ‘ஆகும்’ என்பாள். உள்ளே யாரோ “சிஸ்டர், சிஸ்டர்” என்று கூப்பிட்டார்கள். என் மகள் திரும்பினாள். அவளைக் கூப்பிடுகிறார்கள் என்பது எனக்கு ஒரு நொடி புரியவே இல்லை.

ஆண்டவரே பார்த்துக்கொள்ளும் என்று நான் வாழ்நாள் முழுக்கச் சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு, பின்னாலேயே போய் அவர் வேலையைச் செக்கிங் பண்ணிக்கொண்டிருந்தேன். எத்தனை சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பேன் அவர்மேல்! அன்றைக்கு முதல்முறையாகச் சொல்லிவிட்டு நடந்தேன். விசுவாசம் பெருகியதால் அல்ல, மணி நாலாகப் போனதால். சாட்சியில் இதை இப்படிச் சொல்ல முடியாது. ஆனால் அவர் என்னை அப்படித்தான் கிளப்பினார். சொந்தப் பிள்ளையின் கையை விட வைக்க, அடுத்தவள் புருஷனின் மருந்தை என் கையில் திணித்தார்.

திரும்பிப் பார்க்கவில்லை என்று சொல்ல ஆசைதான். பார்த்தேன். வார்டு வாசல் காலியாக இருந்தது. அவள் வேலைக்குப் போய்விட்டிருந்தாள்.

மணல்மூட்டைகளைத் தாண்டும்போது வேன் அக்காவுக்குக் கண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, துடைக்கவும் இல்லை.

“ரோட்டப் பாத்து ஓட்டுங்கக்கா.”

“புதன்கிழம வந்தா திருப்பிக் குடுத்துடணும்ல?”

“ஆமா. நீங்க என்னோடதக் குடுப்பீங்க, நான் உங்களோடதக் குடுப்பேன்.” அவளுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது, அந்தப் பாதி மருந்து. வீடு போய்ச் சேர்வதற்குள் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

“நான் குடுக்க மாட்டேன்” என்றாள்.

“என்னது?”

“உன் பொண்ண. முழுசாத் தர மாட்டேன். உன்கிட்டத் தந்தா மறுபடி தினமும் சாகடிப்ப.” கியரை மாற்றினாள். “பாதி வேணா எடுத்துக்கோ.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பெற்றவள் நான், பாதி தருவதற்கு இவள் யார்? சண்டைக்கு வார்த்தை தேடினேன். தேடிக்கொண்டே இருந்தபோதுதான் கவனித்தேன், பாலம் ஏறியதிலிருந்து நான் நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.

“சரி, பாதி” என்றேன். பிறகு அவள் புருஷனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.